'யூ கமிங்?'ல 'ஆர்' எங்க போச்சு? பேச்சு இங்கிலீஷ்ல காணாமப் போற துணைவினைகள் பத்தி ஒரு கேள்வி

பெருங்குடி_நைட்ஷிஃப்ட்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கறவங்க, மொழியியல் படிச்சவங்கல்லாம் இருக்கீங்கன்னு தெரியும், அதான் இங்க கேக்கறேன். எனக்கு அமெரிக்கன் கஸ்டமர் சப்போர்ட் வேலை, ராத்திரி ஹெட்செட் மாட்டினா விடியக்காலைலதான் கழட்டறது. ஸ்கூல்ல நாம படிச்சது என்ன, கேள்வின்னா துணைவினை முன்னாடி வந்து நிக்கணும், 'ஆர் யூ', 'ஹாவ் யூ', 'டூ யூ', 'டிட் யூ', அது இல்லாம எழுதினா மார்க் போச்சு. ஆனா லைன்ல அந்தப் பக்கம் பேசறவங்க முக்கால்வாசி நேரம் அந்த வார்த்தையவே சொல்றதில்ல. 'யூ கெட் மை ஈமெயில்?', 'யூ சீயிங் த சேம் ஸ்க்ரீன்?', 'வான்ட் மீ டு ரீஸ்டார்ட் இட்?', 'எவர் சீன் திஸ் பிஃபோர்?', இப்படியேதான் வருது.

டீம்ல புதுசா ஒரு தங்கச்சி சேர்ந்திருக்கு, கிராமர்ல ரொம்ப ஸ்ட்ராங். ஒரு கஸ்டமர் 'யூ வான்ட் த சீரியல் நம்பர்'னு கேட்டாரு, கடைசில குரல் லேசாதான் ஏறுச்சு. அவளுக்கு அது கேள்வியாவே படல, அவர் ஏதோ சொல்லிட்டு நம்பரைத் தேடிக்கிட்டிருக்காருன்னு நெனச்சு பேசாம இருந்தா. அவர் இவ பதில் சொல்லுவான்னு பேசாம இருந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவர் 'யூ ஸ்டில் தேர்?'ங்கறாரு, பாருங்க, அதுலயும் 'ஆர்' கெடையாது. அந்த ஃபோன் காலுக்கு டெட் ஏர்னு, அதாவது லைன்ல யாரும் பேசாம சும்மா போன நேரம்னு, ஸ்கோர் கொறச்சு 'லிஸனிங் வீக்'னு ஃபீட்பேக் போட்டுட்டாங்க. எனக்கு அது கொஞ்சமும் நியாயமா படல, ஏன்னா இந்த மாதிரி பேசுவாங்கன்னு ட்ரெயினிங்ல ஒருத்தரும் அவளுக்கு சொல்லித்தரல.

என் கேள்வி இதுதான். இது அவங்க அவசரத்துல முழுங்கறதா, இல்ல இதுக்குன்னு ஒரு கணக்கு இருக்கா? கணக்கு இருந்தா கத்துக்கலாம், சொல்லியும் குடுக்கலாம்.

குரோம்பேட்டை_வாசி:

கணக்கும் இல்ல ஒண்ணும் இல்ல ப்ரோ, அவங்க தாய்மொழி, அவங்க எப்படி பேசினாலும் சரிதான். நாம 'வென் யூ ஆர் கமிங்'னு கேட்டா இண்டியன் இங்கிலீஷ்னு சொல்லி சிரிப்பாங்க, அவங்களே 'வென் யூ கமிங்'னு கேட்டா அது கேஷுவல். ரெண்டுக்கும் நடுவுல என்ன பெரிய வித்தியாசம்? எனக்கு இதுல கோவம்தான் வருது.

சொல்லுக்குள்_சொல்:

கோவம் நியாயம்தான், ஆனா கணக்கு இருக்கு, நல்லாவே இருக்கு. நான் மொழியியல் எம்.ஏ. பண்ணினேன், எனக்கு ரொம்ப புடிச்ச டாபிக் இது, அதனால நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

1974-லயே ராண்டால்ஃப் த்ராஷர்னு ஒருத்தர் மிச்சிகன் யூனிவர்சிட்டில இதை மட்டுமே எடுத்து முனைவர் பட்ட ஆய்வு பண்ணிருக்காரு, கான்வர்சேஷனல் டிலீஷன்னு பேரு. 1982-ல டானா ஜோ நபோலி இதே விஷயத்தை மறுபடி எடுத்து எழுதினாங்க. அதனால இது யாரும் கவனிக்காம விட்ட சோம்பேறித்தனம் இல்ல, அம்பது வருஷமா உக்காந்து ஆராய்ஞ்ச சமாச்சாரம்.

முதல் விஷயம், வார்த்தை எங்கேர்ந்து விழுதுன்னு பாருங்க. 'ஆர் யூ கமிங்?', அதுலேர்ந்து 'யூ கமிங்?', அதுலேர்ந்து வெறும் 'கமிங்?'. மூணும் ஓகே. ஆனா 'யூ'வை மட்டும் எடுத்துட்டு 'ஆர் கமிங்?'னு எந்த இங்கிலீஷ்காரனும் கேக்க மாட்டான். வாழைப்பூ மடல் மாதிரி, வெளியிலேர்ந்துதான் உரிச்சிக்கிட்டே வரணும், மேல் மடல் இருக்கறப்ப உள்மடலை மட்டும் உருவ முடியாது. 'ஹாவ் யூ பீன் வெய்ட்டிங்?', 'யூ பீன் வெய்ட்டிங்?', 'பீன் வெய்ட்டிங்?', அதே வரிசை. வாக்கியத்தோட இடது ஓரத்துல மட்டும்தான் இந்த உரிப்பு நடக்கும். நடுவுல கெடக்கற துணைவினைக்கு இந்த சலுகை கெடையாது, 'ஐ டோன்ட் நோ இஃப் யூ கமிங்'னு பொதுவான பேச்சு இங்கிலீஷ்ல வராது, அங்க 'யூ ஆர்' இல்லன்னா 'யூ'ர்' இருந்தே ஆகணும்.

ரெண்டாவது, எது விழுந்துச்சுன்னு எப்படி தெரியும்? மிச்சம் இருக்கற வினையோட உருவமே சொல்லிடும். 'இங்' இருந்தா விழுந்தது 'ஆர்' இல்லன்னா 'இஸ்'. 'சீன்', 'பீன்', 'ஈட்டன்' மாதிரி இருந்தா 'ஹாவ்' இல்லன்னா 'ஹேஸ்'. மொட்டையா 'வான்ட்', 'நோ', 'கெட்'னு இருந்தா 'டூ', 'டஸ்', 'டிட்' மூணுல ஒண்ணு, அதுல எதுன்னு பேச்சு நடக்கற சூழ்நிலையே காட்டிடும். 'யூ சீ த மேட்ச் லாஸ்ட் நைட்?'னா லாஸ்ட் நைட் இருக்கே, அப்ப 'டிட்'.

இதுல ரொம்ப அழகான எடம் ஒண்ணு இருக்கு. மீட்டிங்ல விளக்கி முடிச்சுட்டு 'மேக் சென்ஸ்?'னு கேப்பாங்க, நீங்க எல்லாரும் கேட்டிருப்பீங்க. பதில் சொல்றவங்க 'மேக்ஸ் சென்ஸ்'னு சொல்லுவாங்க. கேள்வில 'மேக்', பதில்ல 'மேக்ஸ்'. ஏன்? கேள்வி ஆரம்பத்துல 'டஸ் தட் மேக் சென்ஸ்?', அங்க 'டஸ்' அந்த 'ஸ்'ஸை ஏற்கனவே வாங்கிடுச்சு, அதனால 'டஸ்'ஸே போனாலும் 'மேக்' மொட்டையாதான் நிக்கும். 'எனிபடி வான்ட் காஃபி?'ல ஏன் 'வான்ட்ஸ்' இல்ல, 'ஹி கால் யூ பேக்?'ல ஏன் 'கால்ட்' இல்ல, எல்லாம் இதே கதைதான். போன வார்த்தை தடம் விட்டுட்டுப் போயிருக்கு. அலட்சியமா பேசினா இவ்வளவு ஒழுங்கா தடம் மிஞ்சுமா சொல்லுங்க.

மூணாவது, எல்லா துணைவினையும் விழாது. 'வில் யூ கம்?'ல 'வில்' போனா 'யூ கம்?', கேக்கறவன் அதை 'டூ யூ கம்'னுதான் எடுத்துப்பான், அர்த்தமே மாறிடும். 'கேன்', 'மஸ்ட்', 'ஷுட்' எல்லாம் அப்படித்தான், அதுங்களுக்குன்னு சொந்தமா ஒரு அர்த்தம் இருக்கு, திருப்பி எடுத்துக்க முடியாததை விட்டுட முடியாது. 'ஆர்', 'ஹாவ்', 'டூ' அந்த இடத்துல வெறும் இலக்கண வேலைதான் பாக்குது, அதான் விழுது. இல்லங்கற அர்த்தம் ஒட்டியிருந்தா அதுவும் தானா விழாது, 'டோன்ட் நோ', 'ஹாவன்ட் சீன் ஹிம்', இதுல 'ஐ' மட்டும்தான் போயிருக்கு.

குரோம்பேட்டை ப்ரோ கேட்டதுக்கு: 'வென் யூ ஆர் கமிங்'ல ஒரு வார்த்தையும் விழல, முன்னாடி வரவேண்டிய 'ஆர்' எடம் மாறாம நிக்குது. அது நம்ம ஊர் இங்கிலீஷோட தனி வழக்கம், இது வேற சமாச்சாரம். ஒண்ணு உசத்தி ஒண்ணு மட்டம்னு நான் சொல்லல, ரெண்டும் வேற வேற எந்திரம், அவ்வளவுதான்.

குரோம்பேட்டை_வாசி:

மேக், மேக்ஸ் விஷயம் சூப்பர், இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன், கவனிச்சதே இல்ல. ஆனா ஒரு சந்தேகம், 'வாட் யூ டூயிங்?', 'வேர் யூ கோயிங்?' இதெல்லாமும் சொல்றாங்களே, அதுல 'ஆர்' நடுவுலல்ல இருக்கு? உங்க மடல் கணக்கு அங்க ஒதைக்குதே?

ராயபுரம்_டு_ஈஸ்ட்ஹாம்:

நான் ராயபுரத்துல பொறந்து வளந்தவன், இப்ப லண்டன்ல ஈஸ்ட் ஹாம். இங்க வந்த புதுசுல வேலை எடத்துல காலைல எவனைப் பாத்தாலும் 'யூ ஆல்ரைட்?'னு கேப்பான். நம்மாளுங்க நெறைய பேர் மூஞ்சி வாட்டமா இருக்கோ, ஒடம்பு சரியில்லாத மாதிரி தெரியுதோன்னு கவலைப்பட்டு 'நோ நோ ஐ ஆம் ஃபைன், ஸ்லைட் கோல்ட் ஒன்லி'ன்னு வெளக்கம் குடுக்க ஆரம்பிச்சிடுவாங்க. அது நம்ம ஊர்ல 'இன்னாபா, எப்டிகீற' மாதிரி சும்மா ஒரு வணக்கம்தான், 'யா, யூ?'ன்னு நடந்துகினே சொல்லிட்டு போய்க்கினே இருக்கணும். 'ஆர்'னு முழுசா போட்டு, 'ஆர் யூ ஆல்ரைட்?'னு அழுத்தி கேட்டாதான் நெஜமாவே ஏதோ அக்கறையா விசாரிக்கிறான்னு அர்த்தம். அந்த ஒரு சின்ன வார்த்தை இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் நடுவுல அவ்ளோ தூரம்.

டீ குடிக்க கூப்புட்றதுக்கு 'ஃபேன்சி எ கப்பா?'ம்பாங்க, அதுல 'டூ யூ' ரெண்டுமே காணோம். 'எனிஒன் சீன் மை சார்ஜர்?', 'திஸ் யுவர்ஸ்?', 'யுவர் மம் கமிங்?', எல்லாம் நாள் பூரா காதுல விழறதுதான்.

மயிலை_டீச்சர்:

நான் பள்ளிக்கூடத்துல ஆங்கிலமும் தமிழும் ரெண்டும் நடத்தி ரிடயர் ஆனவ. எங்களுக்கெல்லாம் முழு வாக்கியம் எழுதணும்னு சொல்லித்தான் பழக்கம், இன்னிக்கும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா சொல்லுக்குள்_சொல் எழுதினதைப் படிச்சதும் நம்ம இலக்கணம்தான் மனசுல வந்துது.

வார்த்தை மறைஞ்சு நின்னும் பொருள் குடுக்கும்ங்கறது தமிழுக்குப் புதுசே இல்ல. தொகைன்னா என்ன, தொக்கி நிக்கறது. தொல்காப்பியம் எச்சவியல்ல பத்து வகை எச்சம் சொல்றார், அதுல சொல்லெச்சம், குறிப்பெச்சம், இசையெச்சம்லாம் உண்டு. பரிமேலழகர் உரையில இந்தச் சொல் அவாய்நிலையான் வந்ததுன்னு எழுதுவார், அதாவது வாக்கியமே அந்தச் சொல்லை வேணும்னு ஏங்கி நிக்குது, அதனால நாம வருவிச்சுக்கணும். 'சீன் மை கீஸ்?'ங்கறதுல 'சீன்' அப்படித்தான் 'ஹாவ்'வை அவாவி நிக்குது. ஒன்பதாங்கிளாஸ் பசங்களுக்கு இப்படி சொன்னா டக்குனு புரியும்.

ஒரு வித்தியாசமும் சொல்லணும். வினைத்தொகைல, கொல்களிறுன்னா கொன்ற களிறு, கொல்கின்ற களிறு, கொல்லும் களிறு, மூணு காலமும் உள்ள இருக்கு, ஒண்ணுன்னு குறிப்பிட்டு சொல்ல முடியாது, அதுதான் அதோட அழகே. இங்கிலீஷ்காரங்க விடறது அப்படி இல்ல, பெரும்பாலும் கேக்கறவனுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் திரும்பி வரும், வராத எடத்துல விட மாட்டாங்க.

அப்புறம் பேச்சுல விடறது வேற, எழுத்துல விடறது வேற, பசங்க இதைக் கலந்துடக்கூடாது. இங்கிலீஷ் வரணும்னா இந்து பேப்பர் படின்னு மெட்ராஸ்ல எந்த வீட்டுலயும் சொல்லுவாங்க, பசங்க தலைப்பை மட்டும் படிப்பாங்க. தலைப்புல 'த்ரீ ஹெல்ட்'னு இருந்தா மூணு பேர் எதையோ புடிச்சாங்கன்னு எழுதின பையனை எனக்குத் தெரியும், அங்க 'வேர்' போயிருக்கு, மூணு பேரைப் புடிச்சாங்க. 'சி.எம். டு விசிட் மதுரை'ல 'இஸ்' போயிருக்கு. அந்தக் காலத்துத் தந்தியும் அப்படித்தான், 'மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி', வார்த்தைக்கு வார்த்தை காசு. 2013 ஜூலையோட தந்தி சேவையே நின்னு போச்சு. தலைப்புல எடம் மிச்சம், தந்தில காசு மிச்சம், பேச்சுல என்ன மிச்சம்? அது எனக்கு நெஜமாவே தெரிஞ்சுக்கணும்.

சொல்லுக்குள்_சொல்:

டீச்சர், அவாய்நிலையை இங்க கொண்டுவந்து வெச்சீங்க பாருங்க, கையெடுத்துக் கும்புடறேன். எனக்கு இது தோணவே இல்ல.

பேச்சுல மிச்சமாறது மூச்சும் தாளமும். 1945-லயே கென்னத் பைக்ங்கற மொழியியலாளர் சொன்ன பிரிவு இது, இங்கிலீஷ் அழுத்தத்தை வெச்சு நடக்கற மொழி, வேற சில மொழிங்க அசையை வெச்சு நடக்கறது. அளந்து பாத்தா அவ்வளவு கறாரா வராதுன்னு பின்னாடி நெறைய பேர் சொல்லிட்டாங்க, ஆனா காதுக்கு அந்த வித்தியாசம் இருக்கறது நெஜம். இங்கிலீஷ்ல 'ஆர் யூ கமிங்'ல அழுத்தம் 'க'வுல மட்டும்தான், அதுக்கு முன்னாடி இருக்கற 'ஆர்' வெறும் ஒரு 'அ' ஆயிடும், அப்புறம் அதுவும் கரைஞ்சுடும். நாம 'ஆர்'ருக்கு ஒரு பங்கு, 'யூ'வுக்கு ஒரு பங்கு, 'க'வுக்கு ஒரு பங்குன்னு சமமா குடுப்போம், அதனால நம்ம காது அந்த முழு 'ஆர்' வரும்னு காத்துக்கிட்டிருக்கும், அது வராது.

குரோம்பேட்டை ப்ரோவோட 'வாட் யூ டூயிங்' கேள்வி ரொம்ப சரியான எடம். அது மடல் கணக்குல வராது, அது வேற வழி. 'வாட் ஆர் யூ'ல 'ஆர்' அ-வா தேஞ்சு அப்படியே சத்தம் இல்லாம போயிடுது. தேயற வார்த்தைதான் அப்படி போகும், 'வாட்ஸ் ஹி டூயிங்?'ல அந்த 'ஸ்' காதுல நல்லா கேக்கற சத்தம், அதனால பொதுவான பேச்சுல அது போகாது. ஆக ரெண்டு வழி, ஓரத்துலேர்ந்து உரியறது ஒண்ணு, சத்தம் தேஞ்சு போறது ஒண்ணு. 'யூ'ட் பெட்டர் கோ' இப்ப 'யூ பெட்டர் கோ' ஆனதும் சத்தம் தேஞ்சுதான், 'ஹேட்'லேர்ந்து மிஞ்சின 'ட்' அடுத்த 'ப'வுல கரைஞ்சு போச்சு. தேஞ்ச 'ஹாவ்' காதுக்கு 'ஆஃப்' மாதிரி கேட்டுக் கேட்டுத்தான் இங்கிலீஷ்காரங்களே 'ஷுட் ஹாவ்'ங்கறதை 'ஷுட் ஆஃப்'னு தப்பா எழுதறாங்க, நெட்ல எங்க பாத்தாலும் இருக்கும்.

தமிழ்லயும் துணைவினை தேயுது, வந்துகொண்டிருக்கிறேன், வந்துக்கிட்டிருக்கேன், வந்துட்ருக்கேன். ஆனா முழுசா விழ முடியாது, ஏன்னா யாரு, எந்தக் காலம்ங்கறது ரெண்டும் அந்தக் கடைசி 'இருக்கேன்'லதான் ஒட்டிக்கிட்டிருக்கு.

ராயபுரம்_டு_ஈஸ்ட்ஹாம்:

எங்க பாட்டி 'வந்துகினு கீறேன்'னுதான் சொல்லும். அந்த 'கீறேன்' இல்லாம வெறும் 'வந்துகினு'ன்னு சொன்னா யாரு வரான்னே தெரியாதே, கரெக்ட்டு.

வடபழனி_வகுப்பு:

நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் க்ளாஸ் எடுக்கறேன், ஹவுஸ்வைஃப், டெலிவரி பண்ற தம்பிங்க, காலேஜ் பசங்க, எல்லாரும் வருவாங்க. எல்லாரும் சொல்றது புரியுது, ஆனா இதை க்ளாஸ்ல சொல்லிக்குடுக்க எனக்கு பயமா இருக்கு, காரணத்தை சொல்லிடறேன். எங்க பசங்க ஏற்கனவே 'ஐ கமிங் ஃப்ரம் வடபழனி', 'ஹி கோயிங் ஆஃபீஸ்', 'ஐ கோன்னா ஈட்'னு பேசறவங்க. 'ஆம்' போடு, 'இஸ்' போடுன்னு வாய் வலிக்க சொல்லி இப்பத்தான் கொஞ்சம் ஒட்டுது. இந்த நேரத்துல போயி இங்கிலீஷ்காரனே அதை விட்டுடறான்னு சொன்னா, அப்ப நாங்க பேசினது சரிதானே சார்னு கேப்பாங்க. இன்டர்வ்யூல உக்காந்து 'ஐ ஒர்க்கிங் இன் அம்பத்தூர்'னு சொன்னா வேலை போயிடும் சார், இது அவங்க சோத்து விஷயம், அதான் யோசிக்கறேன்.

சொல்லுக்குள்_சொல்:

சார், நீங்க சொன்ன மூணு உதாரணத்தையும் அப்படியே க்ளாஸ்லயே வெச்சுக்கங்க, அதுலயே பதில் இருக்கு. 'ஐ கமிங்'னு அவங்க சொல்றதில்ல. 'ஐ'ம் கமிங்', இல்லன்னா வெறும் 'கமிங்!'. 'ஐ'யை வெச்சுக்கிட்டு 'ம்'மை மட்டும் விடறது நடக்காது. கேள்விலயும் அப்படித்தான், 'ஆம் ஐ லேட்?' ஒரு நாளும் 'ஐ லேட்?' ஆகாது. 'யூ கோன்னா ஈட் தட்?'னு கேப்பாங்க, ஆனா தன்னைப் பத்தி சொல்றப்ப 'ஐ'ம் கோன்னா', வேகமா பேசினா 'ஐமா'ன்னு கூட கேக்கும், அந்த 'ம்' மட்டும் எப்பவும் உள்ள இருக்கும். 'ஐ காட்டா கோ' ஓகே, ஏன்னா அங்க போனது 'ஹாவ்'. 'ஹி கோயிங் ஆஃபீஸ்'னு சொன்னா அது செய்தி, கேள்வி இல்ல, செய்தில எழுவாய் இருக்கறப்ப 'இஸ்' பொதுவான பேச்சுல விழாது, 'ஹி கோயிங்?'னு கேள்வியா கேட்டா கேஷுவல் அமெரிக்கன் பேச்சுல ஓகே.

இங்க இன்னொரு விஷயத்தை நேர்மையா சொல்லியாகணும். 'ஹி கோயிங்'னு செய்தியாவே பேசற இங்கிலீஷ் ஒண்ணு இருக்கு, அமெரிக்கால கறுப்பின மக்கள் பேசற இங்கிலீஷ். அதையும் ரொம்ப காலம் கொச்சைனு ஒதுக்கினாங்க. வில்லியம் லபோவ்ங்கற மொழியியலாளர் நியூயார்க் ஹார்லம்ல பசங்களோட பேசிப் பதிவு பண்ணி 1969-ல எழுதின கட்டுரைல காட்டினது என்னன்னா, மத்தவங்க எங்கெல்லாம் 'இஸ்'ஸை சுருக்க முடியுமோ அங்கெல்லாம் இவங்க அதை விடலாம், எங்க சுருக்க முடியாதோ அங்க இவங்களும் விட மாட்டாங்க. 'ஷீஸ் நைஸ்' சொல்லலாம், அதனால 'ஷீ நைஸ்' சொல்லலாம். 'யெஸ் ஷீ இஸ்'ஸை சுருக்க முடியாது, அதனால அங்க விடவும் முடியாது. 'வாஸ்' போகாது, 'ஐ'ம்'ல 'ம்' போகாது. கொச்சைனு சொன்னதுக்குள்ள இவ்வளவு கறாரான கணக்கு. 1979-ல மிச்சிகன் ஆன் ஆர்பர்ல ஒரு வழக்கே நடந்துச்சு, அந்தப் புள்ளைங்க வீட்டுல பேசற மொழியைக் கணக்குல எடுக்காம பள்ளிக்கூடம் படிக்க சொல்லித்தந்தது தப்புன்னு தீர்ப்பு வந்துச்சு, லபோவ் அங்க போயி சாட்சி சொன்னாரு. மொழியைப் பாத்து புள்ளைங்களை மட்டம் தட்டறது எந்த ஊர்லயும் நடக்குது, அம்பத்தூர்லயும் நடக்குது. உங்க பசங்ககிட்ட உன் பேச்சு மட்டம்னு சொல்லாம, இந்த இங்கிலீஷோட கணக்கு இப்படி இருக்குன்னு சொன்னா போதும் சார்.

ஐயெல்ட்ஸ்_அம்மு:

நான் ஐயெல்ட்ஸ், அதான் அந்த இங்கிலீஷ் பரீட்சை, அதுக்கு ப்ரிப்பரேஷன்ல இருக்கேன். லிஸனிங்ல நாப்பது கேள்வி, ஆடியோ ஒரே ஒரு தடவைதான் ஓடும். முதல் பகுதில ரெண்டு பேர் சாதாரணமா பேசிக்கற மாதிரி வரும், அங்கதான் 'எனி ஐடியா வென்?', 'யூ பீன் தேர் பிஃபோர்?' டைப் பேச்சு வருது. முழு வாக்கியத்தை எதிர்பாத்து உக்காந்தா அதுக்குள்ள அடுத்த கேள்விக்கு போயிடறாங்க. ரைட்டிங்ல இதை எழுதினா அவ்வளவுதான், அங்க முழுசாத்தான் வேணும். எனக்கு காதுக்கு மட்டும் வேணும், கைக்கு வேணாம். காதை எப்படி பழக்கறதுன்னு யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

பெருங்குடி_நைட்ஷிஃப்ட்:

அம்மு, அதுக்கு நான் ஒண்ணு சொல்றேன், இந்த இழையைப் படிச்சப்புறம் என் ஃபோன் கால்களைக் கேட்டதுல பளிச்சுனு தெரிஞ்சது. தமிழ்ல கேள்வி எங்க இருக்கு? கடைசில. வர்றியா, பாத்தியா, வேணுமா, அந்த 'ஆ' வந்தாத்தான் கேள்வி. அதனால நம்ம காது வாக்கியம் முடியற வரைக்கும் பொறுமையா இருக்கும். இங்கிலீஷ்ல கேள்விக்கான அடையாளம் முதல் வார்த்தைல இருக்கு, அந்த முதல் வார்த்தையைத்தான் அவங்க விட்டுடறாங்க. முன்னாடியும் அடையாளம் இல்ல, பின்னாடி 'ஆ'வும் இல்ல, குரல் ஏறுதாங்கறது மட்டும்தான் மிச்சம், ஹெட்செட்ல அதுவும் சரியா கேக்காது. எங்க டீம் தங்கச்சிக்கு நடந்தது அப்படியே இதுதான், அவளோட லிஸனிங்ல ஒரு குறையும் இல்ல.

அதனால நான் இப்ப கேக்கறது யாரைப் பத்தி பேச்சுங்கறதை. 'யூ'ன்னு ஆரம்பிச்சு எனக்கு மட்டுமே தெரிஞ்ச விஷயத்தை அவர் சொன்னா அது கேள்வியாத்தான் இருக்கணும். எனக்கு சீரியல் நம்பர் வேணுமா வேணாமாங்கறது எனக்குத்தானே தெரியும், அவர் எப்படி அதை செய்தியா சொல்லுவாரு? இப்படி யோசிச்சா குரலே கேக்காட்டியும் புடிச்சிடலாம்.

சொல்லுக்குள்_சொல்:

அட்டகாசம். இதோட இன்னொரு கணக்கையும் சேத்துக்கங்க. ஆளே இல்லாம வந்தா, செய்தின்னா பெரும்பாலும் விழுந்தது 'ஐ', கேள்வின்னா விழுந்தது 'யூ'. 'சீன் இட்' குரல் இறங்கினா நான் பாத்துட்டேன், ஏறினா நீ பாத்தியா. நம்ம ஆளுங்க 'சாப்டாச்சா' 'சாப்டாச்சு'ன்னு ரெண்டே வார்த்தைல முடிக்கறோமே, அங்கயும் யாருன்னு சொல்றதில்ல, கேள்வின்னா உன்னைத்தான், பதில்னா என்னைத்தான். இந்தப் பழக்கம் நமக்கு ஏற்கனவே இருக்கு.

மயிலை_டீச்சர்:

வடபழனி தம்பி கேட்டதுக்கு எனக்கு ஒரு வழி தோணுது. கேள்வியை விட்டுடுங்க, பதில்லேர்ந்து சொல்லிக்குடுங்க. 'யூ சீன் ஹிம்?'னு நீங்க கேளுங்க, பசங்க 'நோ, ஐ ஹாவன்ட்'னு சொல்லணும். 'யூ கமிங்?', 'யெஸ், ஐ ஆம்'. 'யூ லைக் இட்?', 'யெஸ், ஐ டூ'. கேள்வில விழுந்த வார்த்தை பதில்ல முழு உருவத்தோட வந்தே ஆகணும், அங்க சுருக்கவும் முடியாது. லபோவ் சொன்னதா எழுதினீங்களே, அதே எடம்தான். இப்பல்லாம் பசங்க மெசேஜ்ல 'யெஸ் ஐ'ம்'னு அனுப்பறாங்க, பாத்தாலே எனக்கு பேனா எடுக்கணும் போல இருக்கும், வாக்கியக் கடைசில 'ஆம்' முழுசாத்தான் நிக்கணும். இப்படிப் பழகினா பையன் துணைவினையை விடவும் மாட்டான், எது விழுந்துதுன்னு காதும் தெரிஞ்சுக்கும். ரெண்டு வேலையும் ஒரே பயிற்சில முடியும்.

வடபழனி_வகுப்பு:

டீச்சர் ரொம்ப நன்றிங்க, இது எனக்கு ஒத்துவருது. பசங்க வாய்லேர்ந்து விட்ட கேள்வி வரவே வேணாம், அது என் வாய்லேர்ந்து வரட்டும், அவங்க வாய்ல முழு 'ஆம்', 'ஹாவ்', 'டூ' மட்டும். சனிக்கிழமை பேட்ச்ல பண்ணிப் பாக்கறேன். இதுல மாட்டற கேள்வி எதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க, அங்க நின்னு முழிக்கக்கூடாது.

சொல்லுக்குள்_சொல்:

ஒண்ணு இருக்கு சார். 'யூ காட் எ மினிட்?'. விழுந்தது 'ஹாவ்', முழு வடிவம் 'ஹாவ் யூ காட் எ மினிட்'. கணக்குப்படி பதில் 'யெஸ், ஐ ஹாவ்' வரணும். ஆனா அமெரிக்கன்ஸ் 'யா, ஐ டூ'ன்னுதான் சொல்றாங்க. அவங்க காதுல அந்த 'ஹாவ்' விழுந்து விழுந்து, 'காட்'டே 'எங்கிட்ட இருக்கு'ங்கற அர்த்தத்துல தனி வினை மாதிரி ஆயிடுச்சு.

பெருங்குடி_நைட்ஷிஃப்ட்:

ஆமா, என் லைன்ல 'ஐ டூ'தான் வருது, நல்லா ஞாபகம் இருக்கு. 'யூ காட் த அப்டேட், டோன்ட் யூ?'ன்னு கூட கேட்டிருக்கேன்.

ராயபுரம்_டு_ஈஸ்ட்ஹாம்:

இங்க இன்னும் 'ஹாவ் யூ காட்' நெறையவே கேக்குது, பதிலும் 'யா, ஐ ஹாவ்'. சின்னப் பசங்க கொஞ்சம் மாத்திப் பேசறாங்க.

வடபழனி_வகுப்பு:

அப்ப ரெண்டு பதிலையும் சரின்னு எடுத்துக்கறேன், அமெரிக்கா கம்பெனிக்கு போறவங்களுக்கு 'ஐ டூ', லண்டன் போறவங்களுக்கு 'ஐ ஹாவ்'. பெருங்குடி, உங்க கால்ல அடிக்கடி வர்ற கேள்விங்களை, கஸ்டமர் விவரம் எதுவும் இல்லாம, வெறும் வாக்கியமா ஒரு இருபது முப்பது இங்க போட்டு விடறீங்களா? அதை அப்படியே க்ளாஸ்ல வாசிக்கறேன்.

பெருங்குடி_நைட்ஷிஃப்ட்:

கண்டிப்பா, நாளைக்கு ஷிஃப்ட் முடிச்சுட்டு போடறேன். எங்க தங்கச்சியும் சேந்து எழுதறேன்னு சொல்லிருக்கா. முதல் வரி 'யூ வான்ட் த சீரியல் நம்பர்?'.